கை ஏன் மேலே எழும்பவில்லை?

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் டாக்டர் ஒருவர் வைத்தியத்தைப் பற்றிப் பேசுவார். நான் ஜெபத்தோடு முடித்து வைப்பேன். இந்த வருஷம் டாக்டர்கள் என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். பிசியோதெரபி அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு கிடக்கிறதே, அதில் தினமும் காலையில் கொஞ்ச நேரம் உட்காருவது என் வழக்கம். அங்கே காத்திருப்பவர்களில் பலருக்கு ஒரே வியாதி. தோள்பட்டை இறுக்கம். "அவர்களோடு அதிகம் பேசுகிறவர் நீங்கள்தான் ஐயா, நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள். வைத்திய விஷயங்களை எங்கள் எலும்பு டாக்டர் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். ஆகவே தைரியமாகப் பேசுகிறேன்.

மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் வரும் சூம்பின கையுடைய மனுஷனைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நினைத்துச் சிலர் வேதாகமத்தைத் திறந்துவிட்டீர்கள். அது வேறு வியாதி. மூடி வைத்துக்கொள்ளலாம்.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதற்குப் பெயர்கள் பல. தோள் பிடித்துக்கொண்டது என்பார்கள், வாய்வு என்பார்கள், சுளுக்கு என்பார்கள். சித்த வைத்தியர்கள் கும்ப வாதம் என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். மேல்நாட்டு வைத்தியத்தில் 1872-ல் துப்லே என்ற பிரெஞ்சு சர்ஜன் இதை எழுதி வைத்தார். 'உறைந்த தோள்' என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து சர்ஜன் காட்மன், 1934-ல். அந்தப் பெயரால் ஒரு குழப்பமும் வந்துவிட்டது. குளிர்ந்ததனால் உறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் குளிக்காமலும் மின்விசிறி போடாமலும் சித்திரை வெயிலில் வெந்து கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தோள் மூட்டு ஒரு பந்தும் ஒரு சிறு குழியும் சேர்ந்தது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. கை தாராளமாகச் சுற்ற வேண்டும் என்பதற்காக, அக்குள் பக்கத்தில் அந்த உறை மடிப்பு மடிப்பாகத் தொங்கும்படி சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறது. கை மேலே போகும்போது மடிப்பு விரிகிறது. இந்த வியாதியில் அந்த உறை முதலில் அழற்சியினால் சிவந்து வலிக்கிறது. பிறகு தடித்துச் சுருங்குகிறது. தாய்மார்களுக்கு எளிதாக விளங்கும்: அக்குளில் துணி போதாமல் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள். அந்த ரவிக்கை தோலுக்கு உள்ளே இருந்தால் எப்படியோ அப்படி. ஆரோக்கியமான மூட்டின் உறைக்குள் 15 முதல் 30 மில்லி வரை திரவம் கொள்ளும். இறுகிய தோளில் 10 மில்லி கொள்வதே கஷ்டம்.

பெரும்பாலும் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் வரும், பெண்களுக்கு அதிகம். முதல் சில மாதங்கள் வலி. முக்கியமாக ராத்திரி வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. அதற்கடுத்து வலி தணிந்து, இறுக்கம் மட்டும் நிற்கும். இது நான்கு மாதம் முதல் ஒரு வருஷம் வரை. பிறகு மெதுவாகத் தளரும். அதற்கு ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம். மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருஷம். பெரும்பாலோருக்கு நன்றாகிவிடும். சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் நின்றுவிடுவதும் உண்டு.

ஒரத்தநாட்டுப் பக்கம், புது ஆற்றுப் பாசனத்தில் நடவு ஆளாக வேலை செய்யும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லுகிறேன். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆஸ்பத்திரி பெஞ்சில் அது கணக்கில்லை. வயது ஐம்பதுக்கு மேல். இடது தோள். ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். மகள்தான் கொண்டை போட்டுவிட வேண்டும். ரவிக்கை போட முடியாமல், மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, கல்யாணம் காதுகுத்து என்று எதற்கும் போகாமல் நிறுத்திவிட்டார். "கை மேல எழும்ப மாட்டேங்குதுய்யா. நடவுல குனிஞ்சு நடுறது ஒண்ணும் பண்ணல. நாத்துக்கட்ட தலைக்கு ஏத்த முடியல. இவளுக்கு ஏன் முழுக் கூலின்னு கூட நடுறவங்க கேக்குறாங்க" என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்த பிசியோதெரபி சகோதரி சிரித்துவிட்டு, "குனிந்து நடும்போது கை தானாகத் தொங்குகிறது அம்மா, நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போகிற முதல் பயிற்சியே அந்த நிலைதான்" என்றார்.

நாட்டெண்ணெய் தேய்த்தாகிவிட்டது. சுளுக்கு எடுக்கிற ஒருவர் அக்குளில் முழங்காலை வைத்துக் கையைப் பிடித்து இழுத்துவிட்டிருக்கிறார். அன்று ராத்திரி முதல் ஒரு மாதம் அந்த அம்மா தூங்கவேயில்லை.

டாக்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? இந்த இடத்தில்தான் உங்கள் கவனம் எனக்கு வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர், "ஸ்கேன் எடுக்கணுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். டாக்டர் செய்வது மிக எளிது. நோயாளியின் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மடக்கி, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொல்லுகிறார், கதவைத் திறப்பது போல. பிறகு நோயாளியைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, தாமே அந்தக் கையைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்க்கிறார். இரண்டு கையையும் ஒப்பிடுகிறார்.

தோளில் தசைநார் கிழிந்திருந்தால், நோயாளியால் தானாகக் கையைத் தூக்க முடியாது. ஆனால் டாக்டர் தூக்கிவிட்டால் கை போகும். தோள் உறை இறுகியிருந்தால் நோயாளியாலும் முடியாது, டாக்டராலும் முடியாது. ஓர் இடத்தில் போய், தாழ்ப்பாள் போட்ட கதவைப் போல நின்றுவிடும். அதிலும் வெளிப்பக்கம் திரும்புவதுதான் முதலில் குறையும். நல்ல கையில் பாதிகூடத் திரும்பாது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தேவை, டாக்டரின் இரண்டு கைகளும் ஐந்து நிமிஷமும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. கிழிசல் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் ஸ்கேன்.

சாதாரண எக்ஸ்ரே ஒன்று எடுக்கிறார்கள். தோள் இறுக்கத்தில் எக்ஸ்ரே ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும். அப்படி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே எடுக்கிறார்கள். மூட்டுத் தேய்மானத்திலும் கை இப்படி நின்றுபோகும். வலிப்பு வந்த பிறகோ கரண்ட் அடித்த பிறகோ தோள் பின்பக்கமாக நழுவியிருந்தாலும் நின்றுபோகும். நம் தேசத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: தோள் மூட்டில் காசநோய். சீழும் வீக்கமும் இல்லாமல், காய்ந்த வகையாக வரும் காசநோய் அப்படியே இந்த வியாதியைப் போல வேஷம் போடும். அந்தத் தோளில் தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டால் கேடு. இளைப்பு, மாலைக் காய்ச்சல், மெலிந்துபோகும் தோள் தசை இருந்தால் டாக்டர் அந்தப் பக்கம் யோசிப்பார். மற்றொன்று, இடது தோள் வலியோடு நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் வந்தால் அது தோள் டாக்டருக்குக் காத்திருக்கிற காரியம் அல்ல. அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனி நான் இந்தத் தலைப்பை ஏற்றுக்கொண்டதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். சர்க்கரை.

பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரும் இந்த இறுக்கம், சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கு வருகிறது. ரத்தத்தில் நெடுநாள் மிஞ்சி நிற்கும் சர்க்கரை, உறையிலும் தசைநாரிலும் உள்ள புரத இழைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்பாக்குகிறது என்று டாக்டர்கள் விளக்குகிறார்கள். பாகு காய்ந்த துணியைப் போல என்று நான் புரிந்துகொண்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வில், நம் தேசத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோய் என்று கண்டார்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு. நம் டெல்டாவின் காரைக்கால் அந்த யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான்.

ஆகவே தோள் இறுகி வருகிற ஒவ்வொருவருக்கும் எங்கள் டாக்டர் சர்க்கரைப் பரிசோதனை எழுதுகிறார். மூன்று மாதச் சராசரியும் சேர்த்து. தைராய்டு குறைவாக இருந்தாலும் இந்த இறுக்கம் வரும் என்பதால் சிலருக்கு அதையும். சர்க்கரை இருப்பதே தெரியாமல் தோள் வலிக்கென்று வந்தவர்களை அந்த பெஞ்சில் எத்தனையோ முறை சந்தித்திருக்கிறேன். ஒரத்தநாட்டு அம்மாவும் அப்படித்தான். அவருக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. பிசியோதெரபி அறை வாசலில் செருப்பைக் கழற்றியபோது, கால் பெருவிரலின் அடியில் இருந்த ஒரு புண்ணை அந்தச் சகோதரி பார்த்துவிட்டார். "செருப்பு கடிச்சதும்மா, வலிக்கல" என்றார் அந்த அம்மா. வலிக்காத புண்தான் சர்க்கரை நோயில் பயங்கரமான புண். தோள் இரண்டு வருஷத்தில் எப்படியும் தளர்ந்திருக்கும். அந்த விரல் இரண்டு வருஷம் காத்திருக்காது. கட்டுப் போட்டு, மருந்து கொடுத்து, ஆறு வாரத்தில் ஆறியது.

எனக்கு மிகவும் நெருக்கமான ஓர் அடையாளம் உண்டு. சர்க்கரை நோயில் தோளோடு விரல் மூட்டுகளும் விறைப்பதுண்டு. அப்படிப்பட்டவர்கள் ஜெபத்துக்குக் கை கூப்பினால் உள்ளங்கையும் விரல்களும் ஒட்டாது. நடுவே சந்து தெரியும். இதற்கு டாக்டர்களின் புத்தகத்திலேயே ஜெப அடையாளம் என்றுதான் பெயர். அதைக் கேள்விப்பட்ட நாள் முதல், ஆராதனையில் கண்ணை மூட வேண்டிய நேரத்தில் நான் சில கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுண்டு. தேவன் மன்னிப்பாராக.

வைத்தியம் என்ன? வலி மிகுந்த முதல் மாதங்களில் வலியைத் தணிப்பதே வேலை. வலி மாத்திரை, ஒத்தடம். சிறுநீரகம் பழுதுபட்ட சர்க்கரை நோயாளி கடையில் தானாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் ஆபத்தானவை. டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பலருக்குச் சில வாரங்களுக்குள் வலி நன்றாகக் குறைந்து, பயிற்சி செய்ய வழி பிறக்கிறது. ஸ்டீராய்டு என்றவுடன் பயப்படுகிறார்கள். மாதக்கணக்கில் மாத்திரையாகச் சாப்பிடுவது வேறு, மூட்டுக்குள் ஒரு முறை போடுவது வேறு. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

இதோடு பயிற்சி. ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, தொட்டில் ஆடுவது போல மெல்ல ஆட்டுவது முதல் பயிற்சி. 1934-ல் பெயர் வைத்த அதே காட்மன் பெயரால் இது வழங்குகிறது. பிறகு சுவரில் விரல்களால் எறும்பு ஏறுவது போல ஏறுவது. எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு போட்டு வைத்தால் அடுத்த வாரம் எவ்வளவு ஏறினோம் என்று தெரியும். பல வீடுகளில் காலண்டருக்குப் பக்கத்தில் இந்தக் கோடுகள் இருக்கின்றன. மல்லாந்து படுத்து, இரண்டு கையிலும் ஒரு குடையைப் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை வெளிப்பக்கம் தள்ளுவது. முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து, முதுகு தேய்ப்பது போல இழுப்பது. கிணற்றுக் கப்பியில் கயிற்றைப் போட்டு, ஒரு கை இறங்க மறு கை ஏறுவது. பழைய கிணறு தூர்ந்துபோன வீடுகளிலும் அந்தக் கப்பி மட்டும் எங்காவது கிடக்கிறது. அதை எடுத்து மாட்டச் சொல்கிறார்கள்.

எவ்வளவு வேகமாகச் செய்ய வேண்டும்? இங்கேதான் நம் ஜனங்கள் தவறுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை இழுத்தால் சீக்கிரம் சரியாகும் என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. நெதர்லாந்தில் 77 நோயாளிகளை வைத்து நடத்தி 2004-ல் வெளியிட்ட ஒரு ஆராய்ச்சியில், வலியை மீறிக் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களைவிட, வலியின் எல்லைக்குள் மெதுவாகச் செய்தவர்களே இரண்டு வருஷ முடிவில் நன்றாயிருந்தார்கள். முழங்காலை அக்குளில் வைத்து இழுக்கிற வைத்தியத்தைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. கையைக் கட்டுப் போட்டுத் தூக்கி மாட்டிக்கொள்வதும் தவறு. இருதய ஆபரேஷன், மார்பக ஆபரேஷன், பக்கவாதம் இவற்றுக்குப் பிறகு கையை அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் தோள் இறுகிவிடுகிறது என்பதை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் ஞாபகம் வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து மாதக்கணக்கில் தளராதவர்களுக்கு மேலும் வழிகள் உண்டு. உப்புநீரை மூட்டுக்குள் செலுத்தி உறையை விரிப்பது ஒன்று. மயக்க மருந்து கொடுத்து டாக்டர் கையை அசைத்து உறையை விடுவிப்பது ஒன்று. எலும்பு மெலிந்த வயதானவர்களுக்குக் கை எலும்பு முறியும் ஆபத்து இதில் உண்டு. சிறு துளை போட்டு உள்ளே பார்த்து உறையை வெட்டிவிடும் ஆபரேஷன் மற்றொன்று. பிரிட்டனில் 35 ஆஸ்பத்திரிகளில் 503 பேருக்கு, ஊசியோடு பயிற்சி, மயக்கத்தில் அசைப்பது, துளை ஆபரேஷன் என்று மூன்றையும் ஒப்பிட்டு 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து மூன்று கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஊசியும் பயிற்சியும் பெற்றவர்களில் சற்று அதிகம் பேருக்குப் பின்னால் வேறு சிகிச்சையும் தேவைப்பட்டது. ஆபரேஷன் ஆனவர்களில் கடுமையான தொல்லைகள் சற்று அதிகம். இருந்தாலும், கிராமத்து நோயாளிக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்க இது எங்களுக்குப் போதும்.

பயிற்சி என்பது ஏதோ இரண்டாந்தரமான வைத்தியம் என்று நினைக்கிறவர்கள் வேலூரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1946-ல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்டு குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். ஆனால் இடம் மாற்றித் தைத்த தசைநாருக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுத்தது பயிற்சி அறைதான். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்தக் கைகளுக்கு ஆபரேஷன் செய்து, பின்பு மறுவாழ்வு மருத்துவத்தையே தம் துறையாகக் கொண்டார்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தானாகவே தளரக்கூடிய வியாதிக்கு வைத்தியர்கள் பெருகுவார்கள். இருபதாவது மாதத்தில் யார் எண்ணெய் கொடுத்தாரோ அவர் கைராசிக்காரர். யார் தாயத்து கட்டினாரோ அவர் மந்திரவாதி. யார் தலைமேல் கை வைத்து ஜெபித்தாரோ அவருக்குச் சுகமளிக்கும் வரம். நான் ஜெபித்தவர்களும் தளர்ந்திருக்கிறார்கள். நான் ஜெபிக்காதவர்களும் அதே மாதத்தில் தளர்ந்திருக்கிறார்கள். நான் ஜெபிக்கிறதை விடப்போவதில்லை. ராத்திரி தூக்கமில்லாமல் ஏழு மாதம் கிடந்தவர்களுக்கு ஜெபம் தேவை. ஆனால் தோள் சுகமானதைச் சாட்சி சொல்லிவிட்டு, சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடுகிற விசுவாசிகளைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. தோள் தளர்ந்தது என்றால் சர்க்கரை போய்விட்டது என்று அர்த்தமில்லை. சபைகளில் போதகர்களாயிருக்கிற என் சகோதரர்கள் இதைத் தயவுசெய்து பிரசங்க பீடத்திலேயே சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு என்ன இயந்திரம் வாங்கித் தரலாம் என்று அன்போடு கேட்கிறீர்கள். இந்த வியாதிக்கு ஒரு நாற்காலி, ஒரு கயிறு, ஒரு கப்பி. அவை இருக்கின்றன. குறைவது, படித்த ஒருவர் ஒரு நோயாளிக்கு இருபது நிமிஷம், வாரம் இரண்டு முறை, மாதக்கணக்கில் ஒதுக்கக்கூடிய நேரம். சம்பளத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வர முடியாதவர்களுக்கு, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். இலவசமாகக் கிடைப்பதை நம்மிடம் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஒரத்தநாட்டு அம்மா போன குறுவை நடவுக்குப் போனார். கரிக்கோடு காது உயரத்தைத் தாண்டிவிட்டது. நாற்றுக்கட்டைத் தலைக்கு ஏற்ற இன்னும் ஒருவர் கை கொடுக்க வேண்டும். கொண்டையைத் தாமே போட்டுக்கொள்கிறார், கொஞ்சம் கோணலாக.

இப்போது எல்லாரும் எழுந்து நிற்கலாமா? முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மடக்குங்கள். இரண்டு கைகளையும் கதவு திறப்பது போல வெளியே திருப்புங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும், இரண்டும் ஒரே அளவா என்று. நன்று. இனி கைகளைக் கூப்புங்கள். சந்து தெரிகிறவர்களும், ஒரு கை மட்டும் பின்தங்கியவர்களும், நாற்பது வயதைத் தாண்டியும் இதுவரை சர்க்கரை பார்க்காதவர்களும் பின்பக்க மேசைக்கு வாருங்கள். நர்ஸ் அங்கே ஊசியும் பட்டையும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். காலையில் சாப்பிட்டவர்களும் வரலாம், சாப்பிட்டதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். காபி அதற்கு அடுத்த மேசையில்.